புது வீட்டில் ஹோம் தியேட்டர்: ஸ்பீக்கர் எங்கே வைக்கணும்? ரூஃப் காங்கிரீட்டுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஏன்?

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை ஒருமுறை போய் வந்தால் தெரியும். சிப்காட் கம்பெனிகளின் காம்பவுண்டு சுவர் முடிகிற இடத்தில் மனைப்பிரிவு கற்கள் ஆரம்பித்துவிடும். மாத்தூர், வல்லம், வல்லக்கோட்டை, படப்பை, சுங்குவார்சத்திரம் என எந்தப் பக்கம் திரும்பினாலும் சென்ட்ரிங் அடித்த வீடுகள், செங்கல் லாரிகள், ஜல்லிக் குவியல்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் என ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைகளில் வேலைக்கு வந்தவர்களில் பலர் இப்போது இங்கேயே மனை வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டுகிறார்கள்.

இப்படிக் கட்டும்போது பலரிடமும் இருக்கும் ஒரு ஆசை, ஹாலில் ஒரு ஹோம் தியேட்டர். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? வீடு முடிந்து, பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசமும் ஆன பிறகுதான் ஸ்பீக்கர் செட் வீட்டுக்கு வருகிறது. வந்த பிறகுதான் பின்னால் வைக்க வேண்டிய ஸ்பீக்கருக்கு வயர் போக வழியே இல்லை என்பது தெரிகிறது. கடைசியில் ஐந்து ஸ்பீக்கரும் டிவி யூனிட் மேலேயே வரிசையாக உட்கார்ந்துவிடும். கொடுத்த காசில் பாதி வீண்.

இதைத் தவிர்க்க எப்போது, என்ன திட்டமிட வேண்டும்? ஸ்பீக்கர்களின் சரியான இடம் எது? பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெடாமல் படம் பார்க்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

டிவியிலேயே ஸ்பீக்கர் இருக்கிறதே, தனியாக எதற்கு?

சாம்சங் நிறுவனத்தின் டிவி தயாரிக்கும் ஆலை 2007-ல் இருந்து ஸ்ரீபெரும்புதூரில்தான் இயங்குகிறது. அதாவது, பெரிய திரை டிவி இந்த ஊருக்குப் புதிது இல்லை. ஆனால் எந்த பிராண்டாக இருந்தாலும் டிவி மெலிதாக மெலிதாக, அதற்குள் ஸ்பீக்கருக்கான இடம் குறைந்துகொண்டே வருகிறது. பழைய பெட்டி டிவியில் ஸ்பீக்கர் முன்பக்கம் பார்த்து இருக்கும். இப்போதைய டிவிகள் பலவற்றில் அது கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரால் போதுமான காற்றைத் தள்ள முடியாது. அதனால் வெடிச்சத்தம் 'டப்' என்று முடிந்துவிடும், வசனமும் தெளிவாகக் கேட்காது.

இன்னொரு பக்கம், சினிமாவின் ஒலி பல மடங்கு வளர்ந்துவிட்டது. 1995-ல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் ஒலியைக் கொண்டுவந்த படமாகப் பேசப்பட்டது. 2012 டிசம்பரில் வெளியான 'சிவாஜி' படத்தின் 3டி பதிப்பு டால்பி அட்மாஸ் ஒலியில் வந்தது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறப்பது போன்ற உணர்வைத் தருவது இந்த அட்மாஸ் முறைதான். இன்று ஓடிடி தளங்களில் பல படங்கள் 5.1 ஒலியிலும், சில படங்கள் அட்மாஸிலும் கிடைக்கின்றன. அந்த ஒலி வீட்டில் முழுமையாகக் கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கர்கள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

5.1, 5.1.2 என்றால் என்ன?

முதல் எண், காது மட்டத்தில் சுற்றி இருக்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. இரண்டாவது எண், சப் ஊஃபர். மூன்றாவது எண் இருந்தால், அது கூரையில் இருக்கும் அல்லது கூரையைப் பார்த்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை.

5.1 என்றால் முன்னால் இடது, நடு, வலது என மூன்று. பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு. கூடவே ஒரு சப் ஊஃபர். இதில் நடு ஸ்பீக்கர்தான் 'சென்டர்'. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி இதில்தான் வரும். 'பாட்டு சத்தமா கேக்குது, பேசுறது கேக்கல' என்று வீட்டில் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சென்டர் ஸ்பீக்கரின் இடத்தைத்தான்.

முடிவெடுக்க வேண்டிய நாள் எது?

கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு இல்லை. ரூஃப் காங்கிரீட் போடுவதற்கு முன்பு.

நம் ஊரில் வீடு கட்டும் முறையை யோசித்தால் காரணம் புரியும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் போடுவதற்கு முன்பு எலெக்ட்ரீஷியன் வந்து ஃபேன் பாக்ஸ், லைட் பாயின்ட், பிவிசி பைப் எல்லாவற்றையும் கம்பிக்கு இடையில் வைத்துக் கட்டுவார். அதன் மேல் காங்கிரீட் விழுந்த பிறகு அந்தக் கூரைக்குள் எதையும் மாற்ற முடியாது. கூரையில் அட்மாஸ் ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்களுக்கும், முன்சுவரில் இருந்து பின்பக்கத்துக்கு வயர் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் அந்த ஒரு நாள்தான் வாய்ப்பு.

இரண்டாவது வாய்ப்பு, சுவர் எழுப்பி பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பு. அப்போது சுவரில் காடி வெட்டி பைப் பதிக்கலாம். ஆனால் பீம், காலம் இரண்டிலும் காடி வெட்டவே கூடாது. உள்ளே இருக்கும் கம்பி வெட்டுப்பட்டால் வீட்டின் பலத்துக்கே ஆபத்து. 'சின்னதா ஒரு கட்டிங்தான் சார்' என்று யார் சொன்னாலும் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அனுமதி வேகமாகக் கிடைக்கும்போது கட்டுமானமும் வேகமாகத் தொடங்கிவிடும். ஆனால் அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் ஸ்பீக்கர் பாயின்ட் எங்கே என்பதெல்லாம் இருக்காது. அதற்குத் தனியாக ஒரு எலெக்ட்ரிக்கல் வரைபடம் போட்டு எலெக்ட்ரீஷியன் கையில் கொடுப்பது நல்லது. ஒரு நோட்டுத் தாளில் கையால் வரைந்தாலும் போதும். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் சோபா, பிறகுதான் ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் எங்கே என்று கேட்பதற்கு முன்பு, உட்காரும் இடம் எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். எல்லா அளவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

டிவிக்கும் சோபாவுக்கும் எவ்வளவு தூரம்? திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை நிரப்பும்படி இருப்பது நல்லது என்பது ஒரு பொதுவான கணக்கு. அதன்படி 43 அங்குல டிவிக்கு சுமார் 6 அடி, 55 அங்குலத்துக்கு சுமார் 7½ அடி, 65 அங்குலத்துக்கு சுமார் 9 அடி.

சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஆனால் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அடிநாத ஒலி தேவைக்கு மேல் ஊதிப் பெருத்துக் கேட்கும். முடிந்தால் சுவரில் இருந்து இரண்டு, மூன்று அடியாவது முன்னால் போடலாம். அறையின் நடுமையமும் வேண்டாம். அங்கே சில அடிநாத ஒலிகள் கேட்காமலே போய்விடும்.

ஒரு உதாரணம்: 12 × 16 அடி ஹால்

12 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். 12 அடி சுவரில் டிவி. சோபாவில் உட்காருபவரின் காது, டிவி சுவரில் இருந்து 10 அடி தூரத்தில், தரையில் இருந்து சுமார் 3¼ அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முன் இடது, வலது: உட்காருபவரின் நேர்க்கோட்டில் இருந்து இரண்டு பக்கமும் 22 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் முகம் சுவரில் இருந்து 1½ அடி முன்னால் இருந்தால், இரண்டுக்கும் இடையே 7 முதல் 10 அடி வரை இருக்கலாம். இந்த ஹாலுக்கு 8 அடி பொருத்தமாக இருக்கும். அப்படி வைத்தால் பக்கச் சுவரில் இருந்து 2 அடி தள்ளி இருக்கும். இரண்டையும் லேசாக உட்காரும் இடத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கரில் இருக்கும் சின்ன வட்டம், காது உயரத்தில் இருக்க வேண்டும்.

சென்டர்: டிவிக்கு நேர் கீழே. டிவி யூனிட்டின் அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். அலமாரியின் விளிம்பு வரை முன்னால் இழுத்து வைக்க வேண்டும். காதைவிடத் தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, முகத்தைப் பார்த்துச் சாய்க்கலாம்.

பக்கவாட்டு சரவுண்ட்: நேர் முன்பக்கத்தை 0 டிகிரி என்று வைத்தால், இவை 100 முதல் 120 டிகிரிக்குள் வர வேண்டும். அதாவது காதுக்கு நேர் பக்கத்தில் இருந்து கொஞ்சம் பின்னால். இந்த ஹாலில் பக்கச் சுவரில், டிவி சுவரில் இருந்து சுமார் 12 அடி தூரத்தில். உயரம் 4 முதல் 5 அடி. இந்த இரண்டு இடத்துக்கும்தான் முக்கியமாக பைப் வேண்டும்.

கூரை ஸ்பீக்கர்: 5.1.2 திட்டம் என்றால், உட்காருபவரின் தலைக்கு நேர் மேலே வேண்டாம். ஒரு அடி முன்னால். டிவி சுவரில் இருந்து சுமார் 9 அடி தூரத்தில், முன் ஸ்பீக்கர்களின் அதே 8 அடி இடைவெளியில் இரண்டு. நான்கு கூரை ஸ்பீக்கர் திட்டம் இருந்தால், முன் ஜோடி உட்காரும் இடத்துக்கு 6, 7 அடி முன்னாலும், பின் ஜோடி பின்னாலும் வர வேண்டும். இந்த ஹாலில் பின்னால் 6 அடிதான் மிச்சம் இருப்பதால் நான்கு வைப்பது நெருக்கடிதான். இரண்டே போதும்.

சீலிங் ஃபேன் என்ற சிக்கல்

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் பெரும்பாலும் இருக்காத, நம் வீட்டில் கட்டாயம் இருக்கிற ஒன்று சீலிங் ஃபேன். வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கை நடுவில் இருந்து 2 அடி வரை நீளும். கூரை ஸ்பீக்கர் இந்த வட்டத்துக்குள்ளோ, அதை ஒட்டியோ வந்தால், ஒலி இறக்கையில் பட்டுப் பட்டு நடுங்குவது போலக் கேட்கும்.

மேலே சொன்ன ஹாலில் ஃபேன் நடுமையத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. கூரை ஸ்பீக்கர்கள் இரண்டும் ஃபேனின் நடுவில் இருந்து 4 அடி தள்ளி வருகின்றன. இறக்கை முனைக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 2 அடி இடைவெளி கிடைக்கும். ஆனால் இந்தக் கணக்கை ஃபேன் பாக்ஸ் வைக்கும் அன்றே போட வேண்டும். காங்கிரீட் போட்ட பிறகு ஃபேனை நகர்த்த முடியாது.

கூரையில் துளை வேண்டாம் என்பவர்கள், கூரையை நோக்கி ஒலியை அனுப்பி அங்கிருந்து தெறிக்க வைக்கும் 'அப் ஃபயரிங்' ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். இதற்குத் தட்டையான, கடினமான கூரை வேண்டும். நம் காங்கிரீட் கூரை அதற்கு ஏற்றதுதான். 10 அடி உயரமும் சரி. ஆனால் ஒலி போகும் வழியில் ஓடும் ஃபேன் இருந்தால் பலன் குறைந்துவிடும்.

ஹாலும் டைனிங்கும் ஒன்றாக இருந்தால்?

600, 800 சதுர அடி வீடுகளில் ஹாலையும் டைனிங்கையும் பிரிக்கச் சுவர் எழுப்புவது அபூர்வம். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் திறந்த வெளி, அல்லது மாடிப்படி. அப்போ இடது சரவுண்டை எதில் மாட்டுவது?

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டு சரவுண்டையும் ஸ்டாண்டில் வைப்பது. ஒரு பக்கம் சுவரில், மறுபக்கம் ஸ்டாண்டில் என்று வைக்கும்போது இரண்டின் உயரமும் தூரமும் முடிந்தவரை சமமாக இருக்க வேண்டும். இரண்டு, சோபாவுக்குப் பின்சுவரில் காதைவிடச் சற்று உயரமாக இரண்டையும் மாட்டுவது. மூன்று, சரவுண்டே வேண்டாம் என்று முன்னால் மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும் வைப்பது. தப்பான இடத்தில் இருக்கும் ஐந்து ஸ்பீக்கரைவிட, சரியான இடத்தில் இருக்கும் மூன்று ஸ்பீக்கர் நன்றாகக் கேட்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், சுவரைத் தொட விரும்பாதவர்களுக்கும் நல்ல சவுண்ட்பார் போதுமானது.

வாஸ்து பார்த்து டிவி சுவரை முடிவு செய்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: ஸ்பீக்கருக்குத் திசை முக்கியமில்லை. டிவிக்கு எதிரே மேற்கு ஜன்னல் வந்தால் மட்டும் சாயங்கால வெயில் திரையில் அடிக்கும். அதற்குத் திரைச்சீலை வேண்டும்.

பைப், வயர்: எதை எப்படிப் போடுவது?

• ஏவி ரிசீவர் எனப்படும் ஆம்ப்ளிஃபயர் இருக்கும் இடத்தை முடிவு செய்து, எல்லா பைப்பும் அங்கே ஒரு பெரிய பாக்ஸில் வந்து சேரும்படி செய்ய வேண்டும்.

• ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்துக்கும் 25 மில்லிமீட்டர் பைப். திருப்பங்களில் எல்போவுக்குப் பதில் வளைவான பெண்டு. உள்ளே ஒரு கம்பியையோ நைலான் கயிறையோ விட்டு வைத்தால், பின்னால் வயர் இழுப்பது சுலபம்.

• ஸ்பீக்கர் வயரும் கரண்ட் வயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. 230 வோல்ட் வயரின் இன்சுலேஷன் கெட்டால் அந்த மின்சாரம் ஸ்பீக்கர் வயரில் பாயும். ஆபத்து. ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்ற இரைச்சலும் வரலாம். இரண்டு பைப்புக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி இருக்கட்டும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் குறுக்காகக் கடக்கட்டும்.

• வயர் எவ்வளவு தடிமன்? 15 மீட்டர் வரையிலான தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். பக்கத்தில் இருக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கு 1.5 போதும். 'காப்பர் கோட்டட்' என்ற பெயரில் வரும் மலிவு வயர்களில் உள்ளே இருப்பது அலுமினியம், மேலே மட்டும்தான் செம்பு. தூய செம்பைவிட அதன் மின்தடை அதிகம். வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

• எச்டிஎம்ஐ கேபிளின் தலை பெரியது. 25 மில்லிமீட்டர் பைப்பின் வளைவில் சிக்கிக்கொள்ளும். ரிசீவருக்கும் டிவிக்கும் இடையே மட்டும் 50 மில்லிமீட்டர் பைப் வைக்கலாம். 4½ அங்குலச் சுவரில் இவ்வளவு பெரிய காடி வெட்டினால் சுவர் பலவீனமாகும். அங்கே டிவிக்குப் பின்னால் ஒரு பேனல் அடித்து அதற்குள் கேபிளை மறைக்கலாம்.

• டிவியில் 'ஏஆர்க்' அல்லது 'இஏஆர்க்' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில்தான் ரிசீவரை இணைக்க வேண்டும். அப்போதுதான் டிவியில் ஓடும் ஓடிடி படத்தின் ஒலி ரிசீவருக்கு வரும்.

• சப் ஊஃபருக்கு ஒரே இடத்தில் பாயின்ட் வைக்காமல், ஹாலில் இரண்டு மூலைகளிலாவது கேபிள் பைப்பும் பவர் பிளக்கும் வைக்க வேண்டும். காரணம் அடுத்த பகுதியில்.

• காங்கிரீட் போடும் முன்பு டேப் பிடித்து, அளவு தெரியும்படி ஒவ்வொரு பைப்பையும் போனில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு ஏசி மாட்டவோ ஃபால்ஸ் சீலிங் அடிக்கவோ துளை போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

மின்னல் அடிக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்காக, சரியான எர்த்திங்கும் சர்ஜ் புரொடக்டரும் அவசியம். ரிசீவரைச் சுற்றிலும், மேலேயும் நாலைந்து அங்குலம் காற்றோட்டம் வேண்டும். கதவு போட்ட அலமாரிக்குள் அடைத்து வைத்தால் சூடாகி அணைந்துவிடும்.

சப் ஊஃபர்: மூலையில் வைத்தால் நல்லதா?

மூலையில் வைத்தால் அடிநாதம் கூடும் என்பது உண்மை. ஆனால் அது சீராக இருக்குமா என்பது வேறு கேள்வி.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும். 40 ஹெர்ட்ஸ் அடிநாத ஒலியின் ஒரு அலை மட்டுமே 28 அடி நீளம். ஹாலைவிட அலை பெரியது. அதனால் சுவர்களுக்கு இடையே அது முன்னும் பின்னும் மோதி, சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் செத்தும் போகிறது. 16 அடி நீளத்துக்கு இந்தச் சிக்கல் 35 ஹெர்ட்ஸிலும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் வரும். ஹால் சரியாகச் சதுரமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து இன்னும் மோசமாகும். வரைபட நிலையிலேயே 12 × 12-ஐத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சப் ஊஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைக்க வேண்டும். அடிநாதம் அதிகம் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடத்தில் அடிநாதம் தெளிவாக, ஒரே சீராகக் கேட்கிறதோ அதுதான் சப் ஊஃபரின் இடம். இதற்காகத்தான் இரண்டு இடங்களில் பாயின்ட் வைக்கச் சொல்வது.

எதிரொலியைக் குறைப்பது எப்படி?

பூச்சுச் சுவர், காங்கிரீட் கூரை, வெர்டிஃபைட் டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். நம் ஹாலில் இருக்கும் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. காலி ஹாலில் கை தட்டினால் 'டிர்ர்' என்று கேட்பது அதனால்தான். வசனம் தெளிவில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு தடிமனான கார்ப்பெட், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, துணி சோபா, பின்சுவரில் ஒரு புத்தக அலமாரி. இவை இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில் இருக்கும் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலும் கீச்சொலி கொஞ்சம் அடங்கும். ஆனால் அடிநாதத்தை ஜமக்காளத்தாலோ, சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோமாலோ அடக்க முடியாது. அதற்குக் கனமும் தடிமனும் வேண்டும்.

பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்குகிறாரா?

இந்தப் பகுதியில் வீடு கட்டுபவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. வீட்டில் வைத்திருக்கும் சொந்த ஒலிக்கருவியின் சத்தம், வீட்டு எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அதாவது பகலில் 60, இரவில் 50. பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசும் சத்தமே சுமார் 60 டெசிபல்தான்.

ஆனால் சட்டத்தின் இரவும் ஷிப்ட் தொழிலாளியின் இரவும் ஒன்றல்ல. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவருக்குக் காலை 10 மணிதான் நடு இரவு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கீழே சொந்தக்காரர், மேலே வாடகை போர்ஷன் என்று கட்டப்படும் வீடுகள் நிறைய. வாடகைக்கு இருப்பவர்களில் பலர் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். சட்டப்படி சரியான சத்தமே அவர்களின் தூக்கத்தைக் கெடுக்கலாம். தூக்கம் கெட்டால் அன்று ராத்திரி மெஷின் முன்னால் நிற்கும்போது அது தெரியும்.

இதில் அடிநாதம்தான் பெரிய தொல்லை. விதிகளில் சொல்லப்படும் டெசிபல் அளவு, மனிதக் காதின் தன்மைக்கு ஏற்ப அடிநாதத்தைக் குறைத்தே கணக்கிடும். அதனால் மீட்டரில் சத்தம் வரம்புக்குள் இருந்தாலும், தலையணைக்கு அடியில் 'தும் தும்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஹாலோ பிளாக், எடை குறைந்த ஏஏசி பிளாக் போன்றவற்றில் கட்டிய சுவர், 9 அங்குலச் செங்கல் சுவரைவிட அதிகமாகச் சத்தத்தை வெளியே விடும். சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவு தடுக்கும் என்பதே அடிப்படை.

அப்போ என்ன செய்யலாம்?

• பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரிலோ, மாடி போர்ஷனின் படுக்கையறைக்கு நேர் கீழேயோ சப் ஊஃபர் வேண்டாம்.

• சப் ஊஃபருக்கு அடியில் தடிமனான ரப்பர் பேட் வைத்தால் தரை வழியாகப் பரவும் அதிர்வு குறையும்.

• ஹால் கதவின் அடி இடுக்குக்கும், ஜன்னல் சட்டங்களுக்கும் ரப்பர் பட்டை. காற்று புகும் இடத்தில் எல்லாம் சத்தமும் புகும். வண்டலூர்-வாலாஜாபாத் சாலை போன்ற லாரி ஓடும் சாலையோர வீடுகளுக்கு இது இரட்டைப் பலன். வெளிச்சத்தம் உள்ளே வராது. அதனால் படத்தின் வால்யூமையும் ஏற்ற வேண்டியிருக்காது.

• ரிசீவரில் 'நைட் மோடு' இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வெடிச்சத்தம் குறைந்து, வசனம் தெளிவாகும்.

• மாடியில் குடியிருப்பவரிடம் 'இந்த வாரம் எந்த ஷிப்ட்?' என்று கேட்டு வைத்துக்கொள்வதற்குச் செலவே இல்லை.

பட்ஜெட் இப்போது இல்லை என்றால்?

வீட்டுக் கடன், மனைக் கடன், தங்கை கல்யாணம் என்று கையில் காசு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பைப் மட்டும் இப்போதே போட்டுவிட வேண்டும். மொத்தக் கட்டுமானச் செலவில் சில பிவிசி பைப்புகளும் பாக்ஸ்களும் கணக்கிலேயே வராது. பிறகு சுவரை உடைத்து, டைல்ஸைப் பெயர்த்து, திரும்பப் பூசி பெயின்ட் அடிக்கும் செலவு அப்படி இல்லை.

முதலில் ஒரு ரிசீவரும் முன் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கலாம். போனஸ் வரும்போது சென்டர், அடுத்து சப் ஊஃபர், அதற்கடுத்து சரவுண்ட். பாயின்ட்டுகளுக்கு அதுவரை வெறும் மூடி போட்டு வைத்தால் போதும். எல்லாம் வந்த பிறகு, ரிசீவரோடு வரும் மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து, தானியங்கி அளவீட்டை ஒருமுறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்த அளவையும் ரிசீவரே சரி செய்துகொள்ளும். அந்த நேரத்தில் ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்தி வைப்பது முக்கியம்.

காங்கிரீட் போடும் முதல் நாள் சரிபார்க்க வேண்டியவை

1. டிவி சுவர் எது, சோபா எங்கே என்பது முடிவாகிவிட்டதா?
2. ஃபேன் பாக்ஸுக்கும் கூரை ஸ்பீக்கர் பாயின்ட்டுக்கும் நடுவே குறைந்தது 3½ அடி இருக்கிறதா?
3. சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு பைப் இறங்கும் இடம் பீமிலோ காலத்திலோ சிக்காமல் இருக்கிறதா?
4. கரண்ட் பைப்பும் ஸ்பீக்கர் பைப்பும் தனித்தனியாக இருக்கின்றனவா?
5. பைப்புக்குள் இழுக்கும் கம்பி இருக்கிறதா, வாய் அடைக்கப்பட்டிருக்கிறதா? அடைக்காவிட்டால் காங்கிரீட் பால் உள்ளே இறங்கிக் கெட்டியாகிவிடும்.
6. அளவோடு போட்டோ எடுத்தாயிற்றா?

இந்த ஆறும் சரி என்றால், மறுநாள் மிக்ஸர் வண்டி தாராளமாக வரலாம். ஸ்பீக்கர் இந்தத் தீபாவளிக்கு வந்தாலும் சரி, மூன்று வருஷம் கழித்து வந்தாலும் சரி, அதற்கான இடம் வீட்டுக்குள் காத்திருக்கும்.